மேல்வீட்டுச் சூரியன்

1

இந்தக் கதை நீல நிற பிளாஸ்டிக் உறை ஒன்றிலிருந்து தொடங்கியது. விற்பனைக்கு வந்த வீட்டைப் பார்க்கப் போகும்போது காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளக் கொடுப்பார்களே, அந்த உறை.

எங்கள் கட்டடத்தின் மேல்வீடு விலைக்கு வந்திருந்தது. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் அக்கம்பக்கத்தார் போய்ப் பார்ப்பது வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ட்ரோம்சோவில் வழக்கம்தான். நானும் போனேன். கூடத்தில் டோருன் நின்றிருந்தார். தரைத்தளத்தில் குடியிருப்பவர். அந்த மேல்வீட்டுக்கு ஆண்டுதோறும் வந்து போகிறவர். தண்ணீர் டம்ளர் எந்த அலமாரியில் இருக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆனால் அன்று நீல உறை போட்ட காலோடு, அந்த வீட்டுக்குள் முதன்முறையாக நுழைந்தவரைப் போல நடந்தார். குளியலறை எந்தப் பக்கம் என்று தரகரிடம் கேட்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பேருந்தில் எதிர் இருக்கைக்காரருக்கு அசைப்பது போல.

சமையலறைக்கு வந்ததும் ஜன்னல் விளிம்பில் கை வைத்து நின்றார். அங்கே மட்டும் அவருக்கு நடிக்க வரவில்லை.

அந்தக் கையைத்தான் எழுத நினைத்தேன்.

2

தொடக்கங்கள்:

“டோருன் என்ற பெண் சூரியனை வாங்க விரும்பினாள்.” (வேண்டாம். குழந்தைகள் கதை மாதிரி இருக்கிறது.)

“வடக்கே, மலைகளுக்கு நடுவே ஒரு தீவு நகரத்தில், இரண்டு மாதம் சூரியன் வராத—” (சுற்றுலாப் பலகை. அதுவும் வேண்டாம்.)

“ஐனாருக்கு எழுபது வயதில் காதல் வந்தது.”

இது பிடித்திருக்கிறது. உண்மையும் கூட. மேல்வீட்டு ஐனார், கப்பலில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெற்கே ஒரு பெண்மணியைச் சந்தித்து, வீட்டை விற்றுவிட்டு அவரோடு போகிறார். ஆனால் இப்படித் தொடங்கினால் கதை ஐனாருடையதாகிவிடும். அவர் எதையும் இழக்கவில்லை. அவருக்கு அங்கேயும் சூரியன் உண்டு.

3

கதைக்கு வேண்டிய ஒரே தகவலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் இறுதியில் போகும் சூரியன் தை பிறந்து ஒரு வாரத்தில் திரும்பும். திரும்பும் என்றால், ஊருக்கெல்லாம் ஒரே நாளில் அல்ல. தெற்கே மலைகள் நிற்கின்றன. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்பதை அந்த மலைகள் முடிவு செய்யும். எங்கள் கட்டடத்தில் முதல் வெளிச்சம் விழுவது மேல்வீட்டுச் சமையலறை ஜன்னலில். இரண்டு மலைகளுக்கு இடையில் உள்ள பள்ளத்தில் சூரியன் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். தரைத்தளத்துக்கு அது வந்து சேர மேலும் பல வாரங்கள் ஆகும்.*

அந்த நாளில் ஐனார் கதவைத் திறந்து வைத்துவிடுவார். கட்டடம் முழுவதும் மேலே ஏறும். உள்ளே ஜாம், மேலே சர்க்கரை தூவிய பன் ஆளுக்கு ஒன்று. ஜன்னலுக்கு முன்னால் இடித்துக்கொண்டு நிற்போம். சூரியன் வரும். போனதும் ஐனார் சொல்வார்: “சரி, போதும். எல்லாரும் கிளம்புங்க, காப்பி தீந்துபோச்சு.” காப்பி தீர்ந்திருக்காது.

ஐனாரின் வீடு விலைக்கு வந்தது மே மாதத்தில். மே மாதத்தில் இந்த ஊரில் கழிவறை வரை வெயில் அடிக்கும். வெளியிலிருந்து வந்து பார்த்த யாருக்கும் அந்த ஜன்னலின் அருமை தெரிந்திருக்காது. விளம்பரத்திலும் இல்லை. எங்களுக்கு மட்டும் தெரியும்.

* மலைப்பள்ளத்தின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். இயற்பியல் படித்ததில் எனக்குக் கிடைத்த ஒரே அண்டைவீட்டுப் பெருமை அது. மாடிப்படியில் யாராவது நிறுத்தி, “இந்த வருஷம் எங்களுக்கு எப்போ?” என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் நான் தயங்காமல் பதில் சொல்வேன்.

4

டோருன் நகராட்சியின் பனி அள்ளும் வண்டியை ஓட்டுகிறார். ஊர் எழுமுன் வேலைக்குப் போய், ஊர் விழித்த பிறகு வந்து தூங்குவார். சூரியன் வரும் நாளில் மட்டும் விடுப்பு எடுப்பார். அவருடைய வீட்டு ஜன்னல்கள் பாறையைப் பார்த்தவை.

கட்டடத்தில் அவர்தான் பழைய ஆள். ஆனால் வீடு நெடுங்காலம் அவருடைய துணைவர் பெயரில் இருந்தது. பிரிந்த பிறகுதான் இவர் பெயருக்கு வந்தது. குடியிருப்புச் சங்கத்தின் கணக்கில் டோருன் புதியவர்.

இது ஏன் முக்கியம் என்றால், இங்கே சங்க வீடு ஏலத்தில் வென்றவருக்கே போய்ச் சேரும் என்பது இல்லை. அவரைவிட மூத்த உறுப்பினர் யாராவது முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தால், அதே விலைக்கு அவர் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு கெடு உண்டு. வென்றவர் யார் என்று மூத்தவருக்குச் சொல்ல மாட்டார்கள். மூத்தவர் யார் என்று வென்றவருக்கும்.

நிலவறையில் துணி உலர்த்தும் அறை இருக்கிறது. அங்கே நானும் டோருனும் ஒரு படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது மடிப்பில் எங்கள் கைகள் சந்தித்தபோது சொன்னார்.

“ஏலம் எனக்குத்தான் வந்திருக்கு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“வாழ்த்தெல்லாம் இப்ப வேணாம். யாரோ பேரு குடுத்து வச்சிருக்காங்களாம். திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் அவங்களுக்கு டைம் இருக்கு.” விரிப்பை என் கையிலிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். “நம்ம ஆளுங்க யாரும் இல்ல. எல்லாரையும் அன்னிக்கு நல்லாப் பாத்துட்டேன். ஒருத்தர் முகத்துலயும் ஆசையே இல்ல. என் எதிர்வீட்டு கௌத்தே வரவே இல்ல. நீ யாருகிட்டயும் சொல்லிடாத, கெடைக்காமப் போச்சுன்னா அசிங்கமாயிடும்.”

சொல்ல மாட்டேன் என்றேன்.

(எல்லாருமே டோருனைப் போல நடித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.)

5

இப்போது கௌத்தே. இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

டோருனின் எதிர்வீட்டுக்காரர். சங்கத்தின் தலைவர். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். செய்த பல்லின் நிறம் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிறதா என்பதைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். குளிர்காலத்தில் விளக்கை வைத்து ஒப்பேற்றுகிறார். தமக்கே திருப்தி இல்லாத பற்களைப் பிறர் வாயில் வைத்து அனுப்புகிறோமே என்று ஒருமுறை சொன்னார்.

முதல் வரைவில் அவரை வில்லன் ஆக்கினேன். இரண்டாவதில் தியாகி. இரண்டு சட்டையும் அவருக்குப் பொருந்தவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். அஞ்சல் பெட்டிகளுக்கு முன்னால் என்னை நிறுத்தினார்.

“மேல்வீட்டு ஜன்னல்ல மொத நாள் எவ்வளவு நேரம் நிக்கும், அது?”

ஒரு பன் சாப்பிடும் நேரம் என்றேன். மெதுவாகச் சாப்பிட்டால்.

“அப்புறம் ஒவ்வொரு நாளும் கூடும்?”

கூடும்.

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, குரலைத் தாழ்த்தி, மூத்த உறுப்பினர் என்ற முறையில் மேல்வீட்டுக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார். வீட்டைப் பார்க்க வந்தவர்களில் கேமராவோடு ஓர் இளைஞன் வந்து, வெளிக்கதவில் எண்பூட்டு வைக்கலாமா என்று கேட்டானாம். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஏலத்தில் வென்றது அவன்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

“வானத்துல பச்சை வெளிச்சம் பாக்க வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுவான். அடுத்த தையில நாம பன்னைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு எட்டிப் பாக்கணும்.” தம் அஞ்சல் பெட்டியைப் பூட்டினார். “பொய் சொல்லக் கூடாது. எனக்கும் அந்த வெளிச்சம் வேணும்தான். இதை யாருகிட்டயும் சொல்லாத. தலைவரே பேரு குடுத்தாருன்னு பேச்சாயிடும்.”

சொல்ல மாட்டேன் என்றேன்.

குறைவாகப் பேசுகிறவர்களிடம் எல்லாரும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். சுவரில் ஆணி அடிப்பது போல. சுவர் விழாது என்ற நம்பிக்கை.

6

சனிக்கிழமை கட்டடத்தின் கூட்டுவேலை நாள். பனி உருகியபின் கட்டடத்தார் எல்லாரும் சேர்ந்து முற்றத்தைச் சுத்தம் செய்வோம். வழுக்காமலிருக்கக் குளிர்காலத்தில் கொட்டிய சரளையை வாரி அள்ள வேண்டும். வேலியைச் சுரண்டி வண்ணம் அடிக்க வேண்டும். ஐனார் கடைசி முறையாக வாஃபிள் சுட்டார்.

டோருனும் கௌத்தேயும் எப்போதும் வேலி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கௌத்தே சுரண்டுவார், டோருன் பூசுவார். ஒரு பலகை இடைவெளி விட்டு, வேலியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நகர்வார்கள். நான் தள்ளுவண்டியோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

(அவர்கள் மொழியில் எல்லாரும் எல்லாருக்கும் ‘நீ’தான். தமிழில் இவர்களை ‘நீங்க’ என்று பேசவைப்பதா, ‘நீ’ என்றா? நான்கு முறை மாற்றினேன். இவ்வளவு காலம் ஒரே வேலிக்கு வண்ணம் அடித்தவர்கள். இருந்தும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனதில்லை. ‘நீங்க’ என்றே விடுகிறேன். மாற வேண்டுமானால் அவர்களே மாற்றிக்கொள்ளட்டும்.)

“ஐனார் போனப்புறம் வாஃபிளுக்கு என்ன பண்றது?” என்றார் கௌத்தே.

“நீங்க சுடுங்க. பல்லு மாதிரியே இருக்கும், கடிக்க முடியாது.”

கௌத்தே சிரித்தார். சுரண்டுவதை நிறுத்தவில்லை.

“மேல்வீட்டை யாரோ ரொம்ப உசந்த விலைக்குக் கேட்டிருக்காங்களாம்.”

டோருனின் தூரிகை பலகையிலேயே நின்றுவிட்டது. “அப்படியா?”

“வெளியாளு. அவ்வளவு குடுக்குறவனுக்கு இங்க குடியிருக்குற எண்ணமா இருக்கும்? நம்மள மாதிரி ஆளுங்க அந்த விலைக்குக் கேப்போமா?”

இங்கே டோருன் ஒரு வாக்கியம் பேசியிருக்கலாம். ‘நான்தான்’ என்ற ஒரு சொல் போதும். அவர் வண்ண டப்பாவைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். அவருடைய ஆசைக்குத்தான் கௌத்தே விலை சொல்லிவிட்டார், அது அதிகம் என்றும் சொல்லிவிட்டார்.

“கேக்க மாட்டோம்தான்,” என்றார்.

அதன்பின் இருவரும் வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரு பலகை இடைவெளி. நான் நிரம்பாத வண்டியைத் தள்ளிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனேன்.

7

முடிவுகள்:

அ) திங்கள் காலை கௌத்தே ‘எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்கிறார். தையில் கதவைத் திறந்து வைக்கிறார், நல்ல மனிதர், பன்னும் வாங்கி வைப்பார். எல்லாரும் ஏறுகிறோம். டோருனுக்கு மட்டும் அன்று வேலை. (இதை எழுதியதும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அதனாலேயே சந்தேகப்படுகிறேன்.)

ஆ) கௌத்தேக்கு விலை கட்டுப்படியாகவில்லை, விட்டுவிடுகிறார். வீடு டோருனுக்கு. வேலியருகே தாம் சொன்னது யாரைப் பற்றியது என்று பிறகு கௌத்தேக்குத் தெரியவருகிறது. தையில் அவர் மேலே வருவதில்லை. பற்களைத் தரைத்தள விளக்கிலேயே பார்த்துக்கொள்கிறார்.

இ) இருவரும் சேர்ந்து— (இல்லை. வாசகர்களே, எனக்கும் அந்த ஆசை உண்டு. டோருன் தட்டை நீட்டும்போது கௌத்தே சர்க்கரை குறைவான பன்னைத் தேடி எடுத்து வைப்பதைத் தை தோறும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பன்னை வைத்துக்கொண்டு இரண்டு பேரை ஒரே வீட்டில் குடியேற்றும் உரிமை எனக்கு இல்லை.)

ஈ) யாராவது ஒருவர் வாயைத் திறக்கிறார்.

8

‘ஈ’யை எழுத உட்கார்ந்து இந்த ஞாயிறு முழுவதும் போய்விட்டது. டோருனைப் பேசவைக்க முயன்றேன். அவர் பேச மாட்டார். தோற்றால் யாருக்கும் தெரியக் கூடாது அவருக்கு. கௌத்தேயைப் பேசவைக்க முயன்றேன். பேச அவரிடம் காரணம் இல்லை. எதிர்வீட்டுக்காரர் ஏங்குகிறார் என்பதே தெரியாதவர் எதைப் பேசுவார்?

இந்தக் கதையில் இரண்டும் தெரிந்த ஆள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளை நான் ஆறு பகுதிகளாகத் தள்ளுவண்டியோடும் படுக்கை விரிப்போடும் ஓரத்தில் நிறுத்திவைத்திருக்கிறேன்.

அவள் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். கௌத்தேயிடம் சொன்னால், அவர் விலகிக்கொள்ளலாம். விலகாமலும் இருக்கலாம். அவருக்கும் வெளிச்சம் வேண்டும். அப்போது டோருன் தோற்றதோடு, தோற்றது தெரிந்துபோன எதிர்வீட்டுக்காரராகவும் ஆவார். டோருனிடம் சொன்னால், அவர் கௌத்தேயிடம் போய்க் கேட்கலாம். அல்லது ஏலத்திலிருந்தே விலக வழி தேடலாம். டோருனை எனக்குத் தெரிந்தவரை, வழி தேடுவார்.

பேசாமல் இருந்தால் நாளை நண்பகலில் கதை தானாக முடிந்துவிடும். எனக்கு வேலை மிச்சம்.

வெளியே இரவுணவு நேரம் தாண்டியும் வெயில் அடிக்கிறது. மே மாதத்தில் அது யாருக்கும் விலை இல்லாமல் கிடைக்கிறது. புதிதாக வண்ணம் அடித்த வேலி இன்னும் காயவில்லை.

முடிவை எழுத நேரம் இருக்கிறது. எழுதும் நேரம் இருந்தால் படியிறங்கும் நேரமும் இருக்கிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது. தரைத்தளத்தில் இரண்டு கதவுகள். எதிரும் புதிருமாக. ஒன்றைத் தட்டினால் மற்றொன்றுக்குக் கேட்கும். அவ்வளவு குறுகிய நடை அது.

இதை நீங்கள் படிக்கும்போது அந்தத் திங்கள் என்றோ போயிருக்கும். மேல்வீட்டுக் கதவை அந்தத் தையில் யார் திறந்து வைத்தார், யார் யார் ஏறினோம் என்பதெல்லாம் நடந்து முடிந்திருக்கும். எனக்கு இன்னும் நடக்கவில்லை. எனக்கு இருப்பது இந்த மாலையும், காலணி மாட்டிய இரண்டு கால்களும்.

பேனாவை வைக்கிறேன். எந்தக் கதவு என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். தட்டுவது நான்.