பாய் விரித்த தோணி

லொயோலா தண்டலாக இருந்து ஓட்டிய தோணியில், பாய் விரித்ததும் காற்று வந்து அதில் படுத்துத் தூங்கிவிடும். கிழிசல் தைக்க இறக்கிப் போட்டிருந்த பாயில், சாப்பிட்ட களைப்பில் கடலாள் கஸ்மீர் கொஞ்சம் கண்ணயர்ந்ததுதான் வினை. அதிலிருந்து பாய் தன்னைப் படுக்கிற பாய் என்றே நம்பிவிட்டது. காற்றைக் குறை சொல்ல முடியாது. விரித்த பாயைக் கண்டால் யாருக்குத்தான் உடம்பு சாயாது?

தோணிச் சாமான்களைக் கட்டி மேய்ப்பது லேசுப்பட்ட வேலையா? உப்பு எதையும் விட்டுவைக்காது. சுக்கானைச் சரிசெய்தால் கயிறு நையும். கயிற்றை மாற்றினால் பாய் ஏற்றுகிற கப்பி கிறீச்சென்று அழும். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டால் அடங்கும், பிறகு மறுபடியும் அழும். அதற்காகவே லொயோலா இடுப்பில் எண்ணெய்க் குப்பியைச் செருகியிருந்தான்.

மறுநாள் தூத்துக்குடியில் அவன் மகளுக்கு ஞானஸ்நானம். அவன் கடலுக்கு வந்தபிறகு பிறந்தவள். முகம்கூடத் தெரியாது.

"அண்ணாச்சி, காத்த எழுப்பிரட்டா?" என்று கேட்டான் கஸ்மீர்.

"வேண்டாம்ல. அரைத் தூக்கத்துல எழுப்புனா எங்கிட்டுப் போவும்னு யாரு கண்டா?"

தூங்குகிற காற்று கனவில் எந்த ஊருக்குப் போகிறதோ, தோணியும் அங்கேதான் போகும். லொயோலா பாயில் ஓரமாகப் படுத்து, காற்றின் காதில் தூத்துக்குடியைச் சொல்லத் தொடங்கினான். உப்பளத்தைச் சொன்னான், மாதா கோயிலைச் சொன்னான், குழந்தையோடு நிற்கும் மனைவி பிலோமியைச் சொன்னான். குழந்தையின் முகம் வந்தபோது தடுமாறினான்.

"அத நீயே பாத்துக்க" என்றான்.

விடிந்தபோது ஊர் வந்திருந்தது. காற்று எழவில்லை. ஆகவே அது காற்றின் கனவிலிருந்த தூத்துக்குடி. கோயில் மணி நாக்கில் துணி சுற்றியிருந்தார்கள். சனங்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தார்கள்.

"வந்துட்டியளா" என்று பிலோமி கிசுகிசுத்தாள். "மெல்ல வாங்க. காத்து முழிச்சிட்டா நாங்க யாரும் இருக்க மாட்டோம்."

கோயிலில் சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். குழந்தை வீறிட்டது. கப்பியின் அதே கிறீச். தூண்கள் மங்கின. பிலோமியின் தோள் வழியாகப் பின்சுவர் தெரிந்தது.

"இவ பொறந்ததுலருந்து இப்படித்தான் அழுவுதா" என்றாள் அவள்.

லொயோலா குப்பியைத் திறந்து, விரலில் ஒரு சொட்டு எடுத்துக் குழந்தையின் நாக்கில் தடவினான். அழுகை நின்றது. தூண்கள் திரும்பிவந்தன. அப்போதுதான் அவன் மகளின் முகத்தைப் பார்த்தான். காற்று நன்றாகவே பார்த்து வைத்திருந்தது.

துறைமுகத்தில் கட்டிக்கிடந்த தோணியில் கப்பி சப்புக்கொட்டியது.