ஆறு லூச்சியும் ஒரு ஃபிளாஸ்க் கஷாயமும்

சீதாராமன் பொய் சொல்கிறார் என்பது காமுவுக்கு இரண்டாவது புரட்டாசி சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. காலையில் பெருமாள் கோவிலுக்கு என்று கிளம்பிப் போன கணவர் மத்தியானம் திரும்பியபோது கையில் துளசி இல்லை. சட்டையில் பொரித்த வாசனை. முழங்கை மடிப்பில் இரண்டு பிளாஸ்டர்.

"என்னது இது?"

"கொசு கடிச்சுது. சொறிஞ்சு புண்ணாயிடுத்து."

"நம்ம லேக் கார்டன்ஸ் கொசு பஞ்சு வெச்சுப் பிளாஸ்டரும் ஒட்டிடறதா?"

அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவளுடைய அப்பாவும் இப்படித்தான். வாயுப் பிடிப்பு என்று சொல்லியே நெஞ்சுவலியை மறைத்தார். ஆறு மாதத்தில் போய்விட்டார். இவர் எதை மறைக்கிறார்?

இரண்டு மாதத்துக்கு முன்னால், ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். "ஆரம்பிச்சா ஆயுசுக்கும் நிறுத்த முடியாது" என்று காமு அந்த அட்டையை வாங்கி ஒளித்து வைத்தாள். கொத்தமல்லி விதை, சுக்கு, கறிவேப்பிலை போட்டுக் கஷாயம் வைத்துத் தினமும் ஃபிளாஸ்க்கில் கொடுத்தனுப்பினாள். ஃபிளாஸ்க் காலியாகத்தான் வந்தது. குடிக்கிறாரா, ஆபீஸ் வாஷ்பேசினில் கொட்டுகிறாரா? அதுவும் இப்போது சந்தேகமாக இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, "விரதம், ஒண்ணும் வேண்டாம்" என்று ஃபிளாஸ்க்கோடு ஏழு மணிக்குக் கிளம்பினார். காமு அடுத்த ஆட்டோவில் ஏறினாள்.

கோவில் திருப்பத்தில் அவர் இறங்கவில்லை. கரியாஹாட் கடைத்தெருவில் இறங்கி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குள் போனார். பாதி கட்டிய பூஜா பந்தலின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு காமு நின்றாள்.

பத்து நிமிஷத்தில் முழங்கையை மடக்கியபடி வெளியே வந்தவர், நேராக நடைபாதை லூச்சிக் கடைக்குப் போனார். உருளைக்கிழங்குக் குழம்போடு லூச்சி, வங்காளிகளின் மைதா பூரி. ஒன்று, இரண்டு... ஆறு. புரட்டாசி சனிக்கிழமையில்! பிறகு வாட்சைப் பார்த்தார். ஃபிளாஸ்க்கைத் திறந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கஷாயத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். சின்ன நோட்டில் ஏதோ எழுதினார்.

"ஏன்னா."

அவருக்குப் புரையேறியது.

"உங்களுக்கு என்ன வியாதி? மறைக்காம சொல்லுங்கோ."

"வியாதியா? உன் கஷாயம் வேலை செய்யறதான்னு பாக்கறேன்டி!"

நோட்டைக் காட்டினார். முதல் சனிக்கிழமை லூச்சிக்குப் பின் வெந்நீர். நாலு மணி நேரம் கழித்து ரத்தத்தில் கொழுப்பு 388. அடுத்த சனிக்கிழமை லூச்சிக்குப் பின் கஷாயம், 391.

"இது நீங்களே எழுதினதுதானே?"

பர்ஸிலிருந்து லேப் சீட்டுகளை எடுத்துக் கொடுத்தார். தேதியோடு இரண்டு தடவை படித்தாள்.

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா விட்டிருப்பியா? ஊர் பூரா உன் கஷாயத்தைப் பத்திச் சொல்லிண்டிருக்கே. முதல்ல வெறும் வயத்துல ஒரு தடவை ரத்தம் குடுக்க விரதம் தோதா இருந்தது. அதான் இன்னும் ஒரு தடவை பாத்துடலாம்னு..."

"சரி, அந்த ஆறு லூச்சி?"

"எல்லா வாரமும் ஆறுதான். கூட்டக் குறைக்கக் கூடாது. அப்பத்தான் கணக்கு சரியா வரும்."

"கணக்குக்கா, நாக்குக்கா?"

அண்ணிக்கும் லூச்சி தரட்டுமா என்று கடைக்காரர் தன் பாஷையில் கேட்டுத் தட்டை நீட்டினார். "பௌதி, லூச்சி தேபோ?"

காமு முறைத்த முறைப்பில் தட்டு உள்ளே போனது.

மத்தியானம் வரை லேப் பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் ஊசி குத்தியபோது அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் போனில் ரிப்போர்ட் வந்தது. 386.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் கஷாயம் வரவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, ரவை டப்பாவின் அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்து தண்ணீரோடு வைத்தாள்.

சீதாராமன் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளை, இத்தனை நாள் அவள் அவரைப் பார்த்த மாதிரியே பார்த்தார்.

"இது அதே மாத்திரைதானே?"

"சந்தேகமா இருந்தா லேபுக்கு எடுத்துண்டு போங்கோ. முழுங்கிட்டு" என்றாள் காமு.