நாற்பது வீடு

மதரஸா பாடத்திட்டக் குழுவில் ஓய்வுபெற்ற ஆள் நான் ஒருவன்தான். உலகம் உண்டான அன்றைக்கே நான் வேலையில் சேர்ந்துவிட்டதாக மற்றவர்களுக்கு ஒரு நினைப்பு. நானும் மறுப்பதில்லை.

அன்றைக்கு அண்டை வீட்டார் உரிமை பற்றிய பாடம் வந்தது. பரீட்சை வேண்டாம், பிள்ளைகள் வாரம் ஒருமுறை அண்டை வீட்டுக்குப் போய் நலம் விசாரித்து வரட்டும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"பக்கத்து வீடு மட்டும் போதும்," என்றார் தலைவர்.

"நாற்பது வீடு வரைக்கும் அண்டை வீடுதான்னு மார்க்கப் பெரியவங்க சொல்லியிருக்காங்க," என்று நான் மேசையைத் தட்டியது மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"அத்தனை வீடு ஏறி இறங்கினா பிள்ளைங்க கால் தேஞ்சிடும், ஹஜ்ரத்."

"தேயட்டுமே. செருப்புக் கடைக்காரரும் பிழைக்கணும்ல."

சிரித்தார்கள். ஆனாலும் 'பக்கத்து வீடு' என்றே எழுதிக்கொண்டார்கள்.

தேநீர் இடைவேளையில் தலைவர் தனியாக வந்தார். "ஏன் இவ்வளவு பிடிவாதம்? உங்க பக்கத்து வீட்ல யார் இருக்கா?"

"ஒரு பக்கம் பூட்டு. இன்னொரு பக்கம் அதைவிடப் பெரிய பூட்டு."

"அப்ப நம்ம மதரஸால ஓதுற பிள்ளைங்க யாரும் பக்கத்துல இல்லையா?"

"தெருக்கோடியில ஒரு வீட்ல இருக்காங்க. எண்ணிப் பார்த்துட்டேன், நாற்பதுக்குள்ளதான் வருது."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் திருத்தி எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு நாற்காலியில் மலைபோல் குவிந்திருந்த துணிகளை இறக்கி, அதைத் துடைத்து வைத்தேன். புதுப் பாடப்புத்தகம் அச்சாகி வர இன்னும் ஆறு மாதம் ஆகுமாம்.