விழுந்தவளை எழுப்பாதீர்கள்

சபையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பேட்டரி. வைத்தவர் பாஸ்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்றுகொண்டு, "நம்ம சிஸ்டரைப் பாருங்க, தீரவே தீராத பேட்டரி" என்று கை காட்டினார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அவளும் அசடு வழியச் சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து சின்னதுகளுக்கு அவள் பேட்டரி அக்கா, பெரியவர்களுக்குப் பேட்டரி சிஸ்டர். பேட்டரி என்பது தீர்ந்ததும் தூக்கி எறிகிற சாமான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கே உறைக்கச் சில வருடங்கள் ஆயின.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். வார்டுகளிலிருந்து வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைக் கையுறை மாட்டிக்கொண்டு பிரிக்க வேண்டும். ரத்தம் பட்டது தனி, மற்றது தனி. துணிக்குள் ஊசி கிடக்கும், கத்தரிக்கோல் கிடக்கும், ஒருமுறை யாருடைய பல்செட்டோ இளித்துக்கொண்டு கிடந்தது. நனைந்த விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்துப் போடும்போது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருக்கும்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் விரிப்புதான். மாமியாருக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை, வாய் மட்டும் இரண்டு பேருக்கு வரும் அளவுக்கு வந்தது. பகலில் பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொண்டார். இரவு முழுக்க மருமகள். படுத்த இடத்தில் புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அவளும் மனுஷிதானே, எப்போது தூங்குவாள் என்று நீங்கள் கேட்கலாம். அவள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

கணவர் சபையில் பாட்டு நடத்துகிறவர். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. அது இல்லாததே ஒரு ஆணுக்குப் பெரிய பட்டம் என்று நினைக்கிற உலகத்தில் அவர் தங்கமான மனிதர். அம்மாவுக்காகக் கண்ணீர் விட்டு ஜெபிப்பார். அந்த அம்மாவை ஒருமுறைகூடத் திருப்பிப் போட்டதில்லை.

"குரலுக்குத் தூக்கம் முக்கியம்மா" என்பார். "உனக்கு ஆண்டவர் தனி பெலன் குடுத்திருக்கார். நீ குடுத்து வெச்சவ."

குடுத்து வைத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு போவாள். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்கு ஜெபம் வரும். விரிப்பைச் சுருக்கம் நீக்கி இழுத்துவிட்டபடியே ஆண்டவரோடு பேசுவாள், அழுவாள், மனசு லேசாகும். இப்போது எதுவும் வருவதில்லை. "ஆண்டவரே" என்று வாய் சொல்லும். அதற்குப் பின்னால் கோபம்தான் எழும்பி வரும்.

இந்த நிலைமையில் வந்து சேர்ந்தது பெண்கள் ஞாயிறு. வருடத்தில் ஒருநாள் ஆராதனையைப் பெண்களே நடத்துவது அந்தச் சபையின் வழக்கம். அந்த வருடத் தலைப்பு 'இளைப்பாறுதல்'. பெண்கள் இளைப்பாற வேண்டுமாம். அதற்காகப் பெண்கள் முந்தின நாளே வந்து தரையைக் கழுவ வேண்டும், பூ கட்ட வேண்டும், பாட்டுப் பழக வேண்டும், ஞாயிறன்று விடிவதற்குள் வந்து மொத்தச் சபைக்கும் சமைக்க வேண்டும். ஆண்கள் விருந்தாளிகள். இளைப்பாறுவது பற்றிக் கேட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். இந்தத் திட்டத்தைப் போட்டவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெண்கள் ஐக்கியச் செயலாளர் அக்கா அவளைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவர் உனக்குச் செஞ்சதைப் பத்தி நீ பத்து நிமிஷம் சாட்சி சொல்லணும். சோர்ந்து போகாத பெண். உன்னை விட்டா வேற யாரு இருக்கா?"

"என்னால முடியலக்கா."

"அதேதான் வேணும்! அப்படியே ஆரம்பி. என்னால முடியல, ஆனா கர்த்தர் முடிய வைக்கிறார்னு கொண்டுபோய் முடி."

"இல்லக்கா, நிஜமாவே முடியல."

"நல்லா உருக்கமா வருது பாரு. மைக்ல இதே மாதிரி சொல்லு" என்று தோளைத் தட்டினார் அக்கா. போகிற போக்கில் திரும்பி, "சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ, என்ன?" என்றார்.

மறுநாள் வேலையில், தேய்த்து அடுக்கிய விரிப்புகளை வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே மெஷின்கள் ஓடும் இரைச்சலில் எத்தனை கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அவள் கத்தினாள்.

"உங்களுக்குக் கண்ணு தெரியலயா? வருத்தப்படுறவங்கள வாங்க வாங்கன்னு கூப்பிடுறீங்களாமே, வந்தேனே! வந்தவ தலையில இன்னும் நாலு மூட்டையத்தானே ஏத்துனீங்க! உங்க வீட்டுக்கு வந்தாலும் வேலை, என் வீட்டுக்குப் போனாலும் வேலை. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன். ஒரு தூக்கம். முழுசா ஒரே ஒரு தூக்கம். அதைக்கூடக் குடுக்க முடியலன்னா இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. நானும் உங்களக் கூப்பிட மாட்டேன்."

சொன்ன பிறகு பயம் வந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்து பிடித்திருந்த கை அது. அதை உதறிவிட்டால் தனக்கு வேறு யாரும் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். அவ்வளவு கோபம்.

ஞாயிறு வந்தது. சனி இரவும் எல்லா இரவுகளையும் போலத்தான் போயிருந்தது. சபைக்குள் நுழையும்போதே பின்கட்டிலிருந்து வெங்காய நெடி வந்தது. இளைப்பாறுதல் என்று பெரிய எழுத்தில் துணிப் பேனர் தொங்கியது. அதற்குக் கீழே, வாயில் ஊசியைக் கடித்தபடி ஒரு பெண் ஸ்டூல் மேல் ஏறி ஓரத்தைக் குத்திக்கொண்டிருந்தாள். சமையல்கட்டில் பாதிப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, மேடையில் மீதிப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஆண்கள் சட்டை கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அவளைக் கூப்பிட்டார்கள். போனாள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பெண்கள் ஞாயிறென்றாலும் கீபோர்டை விட்டுக்கொடுக்காத கணவர், பின்னால் உருக்கமாக ஒரு மெட்டை வாசிக்க ஆரம்பித்தார். சாட்சி என்றால் அந்த மெட்டு இல்லாமல் அவருக்கு ஆகாது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். "என்னால..."

சொல்லச் சொல்லியிருந்த பொய்யைச் சொல்லப் பிடிக்கவில்லை. நாடு நகரமெல்லாம் கேட்கும்படி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஆத்திரம் பொங்கியது. அதற்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. மேடைப்படியில் உட்கார்ந்தாள். கம்பளம் மெத்தென்று இருந்தது. "ஒரு நிமிஷம்" என்று யாரிடமோ சொன்னாள். மைக் உருண்டு போய்த் தொம்மென்று விழுந்தது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து, கையைத் தலைக்கு வைத்து, தூங்கிப்போனாள்.

ஒரு குரல் கிழித்துக்கொண்டு எழுந்தது.

"அல்லேலூயா! ஆவியானவர் இறங்கிட்டார்!"

அவ்வளவுதான், சபையே எழுந்து நின்றது. அந்தச் சபையில் ஆவியில் விழுவது, அதாவது ஆவி இறங்கித் தன்னை மறந்து சாய்வது, புதிதல்ல. ஆனால் பேட்டரி இதுவரை விழுந்ததே இல்லை. விழுவதற்கு அவளுக்கு நேரம் எங்கே இருந்தது? விழுகிறவர்களைப் பிடிப்பதும், விலகிய சேலையை இழுத்துவிடுவதும், சால்வை போர்த்துவதும் அவளுடைய வேலையாக இருந்தது. இன்று வேறொருத்தி ஓடிவந்து அவளுக்குப் போர்த்தினாள். பக்கத்தில் போய் உலுக்கப் பார்த்த செயலாளர் அக்காவைப் பாஸ்டர் தடுத்தார்.

"விழுந்தவங்கள எழுப்பாதீங்க! ஆண்டவர் பேசிக்கிட்டிருக்கார்!"

அவளிடமிருந்து லேசாக ஒரு சத்தம் வந்தது. சிஸ்டர் வார்த்தையில்லாமல் பெருமூச்சோடு வேண்டிக்கொள்கிறார் என்று ஒரு மூத்த சகோதரர் விளக்கம் சொன்னார். அது குறட்டை.

களைத்துப்போய்ப் படுத்திருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா குடிக்க வைத்து, "இப்ப பரவாயில்லயா சிஸ்டர்?" என்று கேட்டுப் பாத்திரம் தேய்க்க அனுப்பியிருப்பார்கள். கடவுளே அடித்து வீழ்த்தினால் ஒழிய ஒரு பெண் பட்டப்பகலில் படுக்க முடியாது என்றால், அது என்ன சபை, அது என்ன வீடு? நல்லவேளையாக அவர்களுடைய அறியாமை அன்று அவளுக்குக் காவல் நின்றது. பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்கள். குழந்தைகளை அதட்டி அடக்கினார்கள். அவள் தூங்கினாள், தூங்கினாள், பிரசங்கம் முடிந்து காணிக்கை எடுக்கிற வரைக்கும் தூங்கினாள்.

கண் திறந்தபோது வெளிச்சமோ குரலோ தரிசனமோ எதுவும் அவள் பார்த்ததாக நினைவில்லை. கனவுகூட இல்லை. தலைக்குள் எப்போதும் இருக்கிற பாரம் இறங்கியிருந்தது. கை கால் தன்னுடையதாகத் திரும்பி வந்திருந்தது. யாரோ போர்த்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. எங்கே படுத்திருக்கிறோம் என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்டதை, கேட்ட நாளுக்குள், கேட்டபடியே ஆண்டவர் கொடுத்திருக்கிறார். 'அதுக்காக இத்தனை பேர் நடுவுலயா?' என்று உள்ளுக்குள் அவரைக் கடிந்துகொண்டாள். கடிந்துகொள்ளும்போதே கண்ணீர் கொட்டியது. அவர் அங்கேதான் இருந்தார். அது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

பாஸ்டர் மைக்கை நீட்டினார். "சிஸ்டர், ஆண்டவர் என்ன காட்டினார்? சபைக்குச் சொல்லுங்க."

கணவரின் முகத்தில் பெருமை வழிந்தது. செயலாளர் அக்கா செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு ஒளியைப் பார்த்தேன் என்று சொன்னால் போதும், அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டு ஜெபக் கூட்டம், உபவாசக் கூட்டம் என்று இன்னும் பத்து வேலையைக் கட்டி வைப்பார்கள். அதைவிட, இப்போதுதான் ஆண்டவர் கையிலிருந்து வாங்கிய ஒன்றின் மேல் பொய்யைப் பூச அவளுக்கு மனசு வரவில்லை.

"தூங்கினேன்" என்றாள்.

பாஸ்டர் சிரித்தார். "பாத்தீங்களா, எவ்வளவு தாழ்மை!"

"தாழ்மையும் இல்ல, தரிசனமும் இல்ல பாஸ்டர். தூக்கம். நான் பேட்டரி இல்ல. நீங்க எல்லாரும் சேர்ந்து என்கிட்ட வேலைதான் வாங்குனீங்க. அவர் ஒருத்தர்தான் என்னைப் படுக்க வெச்சார்."

சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் கீபோர்டை விட்டு வேகமாக வந்து, அடிக்குரலில், "மானத்தை வாங்காத. வீட்ல பேசிக்கலாம்" என்றார்.

"வீட்ல பேச எங்க நேரம் இருக்கு? உங்கம்மாவைத் திருப்பிப் போடவே சரியா இருக்கு. இன்னைலேர்ந்து ராத்திரி நீங்க திருப்புங்க."

"எனக்கு அது தெரியாதே."

"நானும் அதைப் படிச்சிட்டுப் பொறக்கல."

சாப்பாடு முடிந்ததும் அவள் தன் தட்டை மட்டும் கழுவி வைத்துவிட்டு நேராக வீட்டுக்கு நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டாள்.

அன்று இருட்டுவதற்கு முன்பே படுத்துக்கொண்டாள். அடுத்த அறையிலிருந்து மாமியாரின் கத்தல் கேட்டது.

"ஐயோ, கையை ஒடிக்காதடா! பாட்டுப் பாடுற மாதிரியா இது? அவளக் கூப்பிடு!"

அவளுடைய கால் இரண்டும் பழக்கதோஷத்தில் தரையைத் தொட்டுவிட்டன. அவள் அவற்றைக் கட்டில் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வர மாட்டேன்" என்று படுத்தபடியே குரல் கொடுத்தாள். "சொல்றேன், கேட்டுக்குங்க. முட்டியை மடக்குங்க. தோளையும் இடுப்பையும் சேத்துப் பிடிங்க. இழுக்காதீங்க, உருட்டுங்க. முதுகுக்குத் தலகாணி குடுங்க."

முனகல், கட்டில் கிரீச்சிடும் சத்தம், பிறகு அமைதி. "ம், இப்ப பரவாயில்ல" என்று மாமியார் சொன்னது கேட்டது.

கணவர் வியர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்றார். மேடையில் ஒருநாளும் இல்லாத மாதிரி குரல் கம்மியிருந்தது.

"இதையா தினம் ராத்திரி... இத்தனை தடவை?"

"தினமும்."

அவர் உள்ளே வந்து, அவள் தலைமாட்டில் இருந்த அலாரக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஒரு நாளில் தீர்கிற கோபமா அது? ஆனால் சண்டை போட இப்போது தெம்பு இருந்தது, சண்டை போட ஆளும் இருந்தார்.

"மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கலாம், ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.