கந்தக மூட்டைக்குப் பக்கத்து அறை

வீட்டுப் பாத்திரம் எல்லாம் ஒன்றுபோல மின்ன வேண்டும். மின்னினால் பிறந்த வீட்டுக்குப் போகலாம். செல்லக்கனிக்கு மாமியார் பொன்னுத்தங்கம் போட்ட விதி அதுதான். காரியாபட்டியில் தங்கை சுப்புலட்சுமிக்கு அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை வளைகாப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் சிவகாசிக்கு வாக்கப்பட்டு வந்த செல்லக்கனி, வருஷம் ஒன்றாகியும் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பாத்திரத்தை மின்ன வைப்பது பெரிய காரியமா என்று கேட்கலாம். புளியின் புளிப்பு கறுப்பைக் கரைக்கும். மிச்சத்தைச் சாம்பல் உரசி எடுக்கும். ஈரம் காயுமுன் துணியால் துடைத்துவிட்டால் பித்தளை பொன்னாகிவிடும். காரியாபட்டியில் அன்றாடம் புழங்குகிற செம்பையும் தவலையையும்தான் தினமும் கழுவுவார்கள். அடுக்கில் சும்மா இருப்பவற்றுக்குப் பொங்கலுக்கு ஒரு தடவை புளி போட்டால் போதும். இங்கேயோ, சாமான் அறையில் கடைசி வரிசையைத் தேய்த்து முடிப்பதற்குள் முதல் வரிசை மங்கி, தவிட்டு நிறமாகி, கறுக்கத் தொடங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து.

"ஏத்தா, கையில வலு இல்லையா, இல்ல மனசு காரியாபட்டியில கெடக்கா?"

"நல்லாத்தான் தேய்ச்சேன் அத்தை."

"நல்லாத் தேய்ச்சது இப்பிடியா இருக்கும்? அடுப்புல ஏத்தி எறக்குன மாதிரியில்ல இருக்கு."

புளி பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெடித்திருந்தன. சோற்றைப் பிசைந்தாலே எரிந்தது.

ஒருநாள் அடுக்களை மாடத்தில் இருந்த செம்பு அவள் கண்ணில் பட்டது. சீதனமாக வந்த ஜோடிச் செம்பில் ஒன்று. அது பளிச்சென்று இருந்தது. சாமான் அறையில் இருந்த அதன் ஜோடியோ கறுத்துக் கிடந்தது. ஒரே பட்டறை, ஒரே பித்தளை. அப்படியென்றால் குற்றம் கையில் இல்லை, இடத்தில் இருக்கிறது. இரண்டையும் தேய்த்து இடம் மாற்றி வைத்தாள். இம்முறை கறுத்தது மற்றது.

சாமான் அறையின் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற கந்தக மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"கந்தகம் அத்தை! அதுதான் கறுக்க வைக்குது."

"அது மூட்டைக்குள்ள கெடக்கு. ராத்திரி எந்திரிச்சு வந்து பூசிட்டுப் போகுதாக்கும்?"

"பலகை இடுக்கு வழியாத் தூசியா வருது. பித்தளையில செம்பு கலந்திருக்குல்ல? கந்தகம் செம்பைக் கண்டா விடாது, ஒட்டிப் பிடிச்சுக் கறுப்பாக்கிரும்."

அவள் புருஷன் வெள்ளைத்துரை கையை விரித்தான். கம்பெனிக்கு அவன் கொடுக்கிற சீசன் லோடு, மூட்டைக்கு வேறு இடமில்லை. அதனால் பாத்திரங்கள் மாடியறைக்கு ஏறின. செல்லக்கனி மறுபடி எல்லாவற்றையும் தேய்த்தாள். வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, கடைசித் தாம்பாளத்தைத் துடைத்து வைத்தபோதும் முதல் வரிசை மின்னிக்கொண்டிருந்தது.

பொன்னுத்தங்கம் ஒரு குடத்தைத் தூக்கித் தன் முகத்தைப் பார்த்தாள். "எங்க மாமியா காலத்துலயும் இது நடக்கல, என் காலத்துலயும் நடக்கல. கெட்டிக்காரி நீ!" என்றவள் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏலே வெள்ளைத்துரை, ஏணிய எடுத்துட்டு வா. பரண்ல கெடக்குறத எல்லாம் எறக்கு."

செல்லக்கனிக்கு ஒன்றும் புரியவில்லை.

"கறுத்துக் கறுத்துப் போகுதேன்னுதான் சாக்குல கட்டிப் போட்டேன். இனி என்ன? மாடியில அடுக்கிருவோம்."

"அத்தை... வெள்ளிக்கெளமை வளைகாப்பு."

"வீட்டுப் பாத்திரம் எல்லாம் மின்னட்டும்னுதான சொன்னேன்? இதும் வீட்டுப் பாத்திரந்தானத்தா?"

குரலில் வஞ்சகம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. செல்லக்கனி முந்தானையை இடுப்பில் செருகினாள்.

வெள்ளைத்துரை முதல் சாக்கை அவிழ்த்தான். உள்ளே ஓர் அண்டா, கரிச்சட்டி நிறத்தில். பரணில் சாக்குகள் சுவர்வரை போயின. அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"கடைப்பக்கம்தான் போறேன். எம்புட்டுப் புளி வேணும்?"

"கடையில இருக்க அம்புட்டும்" என்றாள் செல்லக்கனி.