சீனி ஒளித்த வீடு

ஜப்பான்காரன் வந்த பிறகு, புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சீனியைக் கண்ணால் கண்டவர் இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து ஜனமே எலும்பும் தோலுமாகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மருதம்மாளின் மகள் பிரேமாவதிக்கு மட்டும் வயிறு முன்னால் தள்ளியது. அது போதாதென்று, வீட்டுக்குப் பின்னால் அந்தப் பெண் ஒதுங்குகிற வாழைமரத்தடியில் எறும்பு மொய்த்தது. லயத்து வாய்க்கு வேறென்ன வேண்டும்? தாயும் மகளும் சீனியைப் பதுக்கி வைத்துத் தின்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

மகளுக்கு இருந்தது சீனி வியாதி. சின்ன வயதிலேயே வந்து ஒட்டிக்கொண்ட பொல்லாத வியாதி. ஊசி மருந்து இல்லாவிட்டால் உயிர் தங்காது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன சமயத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் தர்மலிங்கம் மிச்சமிருந்த புட்டிகளை மருதம்மாள் மடியில் போட்டு, ஊசி குத்தவும் சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது ஒரே ஒரு புட்டிதான் பாக்கி. அதைத் துணியில் முடிந்து, குளிர்ச்சிக்காகத் தண்ணீர்ப் பானைக்குள் தொங்கவிட்டிருந்தாள். அளவைக் குறைத்துக் குறைத்துப் போட்டுவந்தாள்.

"ஈரல் வீங்கிருக்கும்மா," என்று வயிற்றை அமுக்கிப் பார்த்துச் சொன்னார் தர்மலிங்கம். "மருந்து பத்தல. சீனி போயி ஈரல்ல அடையுது. அதுக்காக ஊசிய நிறுத்திராதீங்க. நிறுத்தினா புள்ள போயிரும்."

ஒருநாள் காலையில், கூலிகளை வேலை வாங்குகிற மண்டோர் பழனியாண்டி இரண்டு ஜப்பான் சிப்பாய்களோடு வந்து நின்றான். வெள்ளைக்காரனுக்குப் போட்ட கும்பிடை ஜப்பான்காரனுக்கு இன்னும் கொஞ்சம் குனிந்து போடுகிற ஆள்.

"சீனி எங்க?"

"அவ ஒடம்புலதான்ணே இருக்கு. வியாதிண்ணே."

"கிண்டலா பண்றே?" பளாரென்று அறைந்தான்.

சிப்பாய்கள் பாயை உதறினார்கள், தகரப்பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஒருவன் தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பினான். வெள்ளைக்காரன் மருந்தென்று கண்டால் விடுவார்களா? மருதம்மாள் முன்னால் பாய்ந்தாள்.

"இருந்துச்சு! சீனி இருந்துச்சு!" லயமே கேட்கும்படி கத்தினாள். "நாந்தான் திருடுனேன். எல்லாத்தையும் தின்னு தீத்துட்டோம்!"

தேடுவதை விட்டுவிட்டு அவளை ஆபீஸ் வாசலுக்கு இழுத்துப் போனார்கள். வெயிலில் முட்டி போடவைத்து மூங்கிலால் விளாசினார்கள். முதுகு கிழிந்தது. புட்டி தப்பித்தது, மகள் பிழைப்பாள் என்று அந்தப் பாவிக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்தது.

சாயங்காலம் சுவரைப் பிடித்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்தாள். வீட்டுத் தரையை யாரோ தோண்டிப் போட்டிருந்தார்கள். தண்ணீர்ப் பானை துண்டு துண்டாகக் கிடந்தது. பிரேமாவதி மூலையில் அரை மயக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நடுவீட்டில் பக்கத்து வீட்டுக் காளியம்மா, இடுப்பில் நோஞ்சான் பிள்ளையும் கையில் மூடி பிடுங்கிய புட்டியுமாக நின்றாள்.

"தின்னு தீத்துட்டேன்னு சொன்னா நாங்க நம்பிருவமா?" என்று சீறினாள் காளியம்மா. "இதத்தானே பானைக்குள்ள ஒளிச்சு வச்சே? சீனித் தண்ணின்னு மொத்தத்தையும் எம்புள்ள வாயில ஊத்துனேன். துப்பிட்டான். துளி இனிப்பு இல்லலா!"

புட்டியை மருதம்மாள் காலடியில் வீசிவிட்டுப் போனாள். மருதம்மாள் அதை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். ஒன்றும் விழவில்லை.

மூலையிலிருந்து பிரேமாவதி சட்டைக் கையை மடித்துவிட்டு, குச்சிக் கையை நீட்டினாள்.

"ஊசி போடும்மா," என்றாள்.