ஒரே முத்திரை, இரண்டு தோள்கள்

எல்க் மான் வேட்டை தொடங்க இரண்டு நாள் இருந்தது. மொன்டானாவில் எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் சரளைக் குழியில் நானும் என் கொழுந்தன் ஹார்லனும் துப்பாக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். என்னுடையது டூ-செவன்டி அளவு, எழுபது என்போம்; அவனுடையது டூ-எய்ட்டி, எண்பது. இரண்டுக்கும் தோட்டா கட்டுவது அவன்தான். சுட்டுப்போட்ட தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, அச்சில் கழுத்தை நெருக்குவான். எண்பதுக்கு மட்டும் கழுத்துக்குக் கீழே சரியும் தோளை மயிரிழை முன்னே தள்ளுவான். இரண்டின் அடியிலும் தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் என்ற பழைய முத்திரை அப்படியே இருக்கும். அவன் தந்த ஒரு தோட்டாவை என் துப்பாக்கியில் விட்டு, பின்னால் அடைக்கும் போல்ட்டைத் தள்ளினேன்.

"போல்ட் மூடல, ஹார்லன்."

"கையில பலம் போச்சுன்னு சொல்லு."

"நேத்துதான் உங்க வீட்டு ஜாம் பாட்டில் மூடியத் திறந்து குடுத்தேன். நீ திறக்க முடியாம நின்னே."

"அப்ப நல்லா அமுக்கு, ரெட்டா. புதுசா நெருக்கின கூடு கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

நான் அமுக்கவில்லை. தோட்டாவை வெளியே எடுத்தேன். அதற்குள் அவன் தன் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைப் பதித்துவிட்டான்.

"உன்னோடது மூடிச்சா?"

"வழுக்கிட்டுப் போய் மூடிச்சு. நான் கட்டினதாச்சே!"

"சுடாத. விரல எடு."

"ஏன்?"

"எழுபது உன் எண்பதுக்குள்ள போகும். எண்பது என்னோடதுல போகாது. தோள் இடிக்கும். எனக்குப் பாடம் நடத்தினது நீதானே?"

அவன் விரலை எடுத்தான், கன்னத்தை எடுக்கவில்லை.

"நாப்பது வருஷமா கட்டுறேன். ஒரு தடவ தப்பினதில்ல."

"டப்பாவுல எழுதி வச்சியா?"

"என் தோட்டா எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"என்னோடது உங்கிட்ட இருந்தா, தளர்ந்த இடத்துல கூடு கிழியும். புகை உன் கண்ணுலதான் அடிக்கும். கொண்டா இங்க."

அவன் தோட்டாவை உருவி, என்னைப் பார்க்காமல் நீட்டினான். குழியின் மண்சுவரைப் பார்த்து என் துப்பாக்கியைப் பிடித்தபடி அதை உள்ளே விட்டேன். போல்ட் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அது என்னுடையதேதான்.

இரண்டு தோட்டாக்களும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அடியைப் பார்த்தால் ஆள் தெரியாது. என் புருஷனும் ஹார்லனும்கூட அப்படித்தான். ஒருவன் தப்பை உடனே சொல்வான். இன்னொருவன்?

ஹார்லன் தொப்பியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"உங்கிட்ட நகப்பூச்சு இருக்கா?"

"எதுக்கு, கல்யாணத்துக்கா?"

"ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு பொட்டு வைக்கணும். உனக்குச் சிவப்பு. எனக்கு வேற என்ன இருக்கு?"

"ரோஸ்தான் இருக்கு."

"ரோஸா?" பெருமூச்சு விட்டான். "சரி, குடு. யார்கிட்டயும் சொல்லிடாத."